'இதற்கான ஜீன் கண்டுபிடிப்பு' என்ற செய்தியைப் பிரித்துப் படிப்பது எப்படி

"உடல் பருமனுக்கான ஜீன் கண்டுபிடிக்கப்பட்டது." இந்த வரியைப் பொய் என்று தள்ளவும் முடியாது, அப்படியே நம்பவும் முடியாது. பாதியில் நிற்கிற வாக்கியம் இது. உயிரியல் தத்துவம் பேசுகிறவர்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டும் இடமும் இதுதான். ஜீன் என்பது என்ன? அது 'காரணம்' என்றால் எந்தப் பொருளில்? 'மரபு 70 சதவீதம்' என்றால் எதில் 70 சதவீதம்? அந்த வாதங்களில் தேறிவந்த சில கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட ஒரு செய்தியை அரை மணி நேரத்தில் பிரித்துவிடலாம்.

தேவையானவை: செய்திக்கு மூலமான ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம், அதன் முதல் அட்டவணை, ஒரு தாள், பேனா, கால்குலேட்டர். செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. நமக்கு வேண்டிய விவரங்கள்தான் செய்தி எழுதும்போது முதலில் உதிர்கின்றன.

எடுத்துக்காட்டாக 16-ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்டிஓ என்ற ஜீனைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். 2007-ல் 'பருமன் ஜீன்' என்று பெயர் வாங்கியது இதுதான்.

நான்கு வெற்றிடங்கள்

தாளில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

"______ இடத்தில் இந்த வடிவம் இருப்பவர்களுக்கு, ______ வடிவம் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், ______ மக்களிடையே, ______ சூழலில், இந்தக் குணம் சராசரியாக இவ்வளவு வேறுபடுகிறது."

எஃப்டிஓ கட்டுரையை வைத்து நிரப்பினால், முதல் வெற்றிடத்துக்கு டிஎன்ஏவில் ஆர்எஸ் 9939609 என்ற, ஒற்றை எழுத்து மாறும் இடம் வரும். அங்கே 'ஏ' எழுத்து தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்து இரண்டாக இருப்பவர்களை, ஒன்றுகூட இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் 38,759 பேர். பெரியவர்களில் எடை வேறுபாடு சராசரியாக 3 கிலோ.

ஒரு செய்தி எவ்வளவு தேறும் என்பதை இந்த ஒரு வரியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 'உடல் பருமனுக்கான ஜீன்' என்று படிக்கும்போது தோன்றிய படத்தையும் '3 கிலோ' என்று படிக்கும்போது தோன்றும் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்காவது வெற்றிடமான சூழல் இன்னும் காலியாகவே இருக்கிறது. பெரும்பாலான கட்டுரைகளில் அது காலியாகத்தான் இருக்கும். அதை எப்படி நிரப்புவது என்று பிறகு பார்ப்போம்.

எந்த ஜீன்?

ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

1909-ல் டென்மார்க் தாவரவியலாளர் யோஹான்சன் 'ஜீன்' என்ற சொல்லை உருவாக்கியபோது, அது எந்தப் பொருளால் ஆனது என்று யாருக்கும் தெரியாது. தலைமுறை தாண்டி வரும் வேறுபாட்டைக் கணக்கிட ஒரு அலகு தேவைப்பட்டது, அவ்வளவுதான். இன்று ஆய்வகத்தில் ஜீன் என்றால் டிஎன்ஏவில் ஒரு நீளம், அதிலிருந்து ஆர்என்ஏ எடுக்கப்படும், பல சமயம் அந்த ஆர்என்ஏவிலிருந்து புரதம் உருவாகும். முதல் பொருளை 'வேறுபாட்டு ஜீன்' என்றும் இரண்டாவதை 'மூலக்கூறு ஜீன்' என்றும் குறித்துக்கொள்ளுங்கள். செய்தியில் ஜீன் என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் வே அல்லது மூ என்று பேனாவால் எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரே பத்தியில் வே-யில் தொடங்கி மூ-வில் முடியும் வாக்கியங்கள் அப்போதுதான் கண்ணில் படும்.

இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை மெண்டலின் பட்டாணியில் நெருங்கிப் பார்க்கலாம். அவர் எண்ணிய விதைகள் 7,324. அவற்றில் உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. கிட்டத்தட்ட 3:1. இதிலிருந்து 'சுருக்கத்துக்கான காரணி' ஒன்று பேசப்பட்டது, அது வே. அந்த இடத்தில் மூலக்கூறு அளவில் என்ன இருக்கிறது என்பது 1990-ல்தான் தெரிந்தது. மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் ஒரு நொதிக்கான ஜீனின் நடுவே சுமார் 800 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. நொதி வேலை செய்வதில்லை. மாவுச்சத்தாக மாறவேண்டிய சர்க்கரை விதையிலேயே தேங்குகிறது. சர்க்கரை தண்ணீரை இழுக்க, வளரும் விதை உப்புகிறது. முற்றிக் காயும்போது அந்தத் தண்ணீர் போய்விட, பெருத்த தோல் மட்டும் மிஞ்சிச் சுருங்குகிறது.

இந்தச் சங்கிலியில் 'சுருக்கம்' எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எங்கேயும் இல்லை. நொதியின் ஜீனுக்குச் சுருக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜீன் உடைந்திருக்கிறது என்பதற்கும் தோல் சுருங்குகிறது என்பதற்கும் நடுவே சர்க்கரை, தண்ணீர், காய்தல் எல்லாம் வேலை செய்கின்றன. ஆனாலும் மெண்டலின் கணக்கு சரியாகவே இருந்தது, ஏனென்றால் அவர் வேறுபாட்டை எண்ணினார். பாரம்பரிய மரபியலை மூலக்கூறு உயிரியலாக அப்படியே பெயர்த்துவிட முடியுமா என்று தத்துவவாதிகள் கேட்டபோது பலர் முடியாது என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான். வே-யை அப்புறப்படுத்திவிட்டு மூ-வை மட்டும் வைத்துக்கொண்டால் 3:1 ஏன் வருகிறது என்ற விளக்கம் கைநழுவிப் போகிறது. அந்த விகிதத்தைக் கொடுப்பது குரோமோசோம்கள் பிரியும் விதம். ஜீன் எந்த வேதிப்பொருள் என்பதற்கு அதில் பங்கில்லை.

பெயர்களும் ஏமாற்றும். பழ ஈயில் 'வெள்ளை' என்று ஒரு ஜீன் உண்டு, 1910-ல் மரபியலாளர் மார்கன் கண்டது. அது நன்றாக இருந்தால் ஈயின் கண் சிவப்பு! கெட்டால்தான் வெள்ளை. நிறமிக்கான மூலப்பொருளைக் கண் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் புரதத்துக்கு, அது இல்லாதபோது தெரிவதைப் பெயராக வைத்துவிட்டார்கள். 'புற்றுநோய் ஜீன்', 'செவிட்டுத்தன்மை ஜீன்' என்ற பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஈயை நினைத்துக்கொள்வது நல்லது.

எஃப்டிஓவுக்கு வருவோம். 2007-ல் கண்ட எழுத்து மாற்றம் எஃப்டிஓ ஜீனுக்குள்தான் இருக்கிறது, ஆனால் புரதமாக மாறாத பகுதியில். உடனே எஃப்டிஓ புரதம்தான் பருமனுக்குக் காரணம் என்று பலர் எழுதினார்கள். 2014-லும் 2015-லும் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்லின. அந்தப் பகுதி ஒரு சுவிட்சுபோல, சுமார் 5 லட்சம் எழுத்துகள் தள்ளியிருக்கும் ஐஆர்எக்ஸ்3 என்ற ஜீனை இயக்குகிறது. வேறுபாடு இருக்கும் இடம் ஒன்று, வேலை செய்யும் ஜீன் இன்னொன்று. கட்டுரையில் 'அருகிலுள்ள ஜீன்' என்று வந்தால் அது அடையாள முகவரி மட்டுமே என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.

வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள்

தீர்மானிக்கிறது, கட்டளையிடுகிறது, எழுதப்பட்டிருக்கிறது, குறியீடு செய்கிறது. இவற்றில் கடைசிச் சொல்லுக்கு மட்டும் துல்லியமான பொருள் உண்டு. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் அமையும் மூன்றெழுத்துச் சேர்க்கைகள் 64. அவற்றில் 61 புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, 3 நிறுத்தக் குறிகள். இந்தக் 'குறியீடு' என்ற சொல்லின் அதிகார எல்லை அமினோ அமில வரிசையோடு முடிகிறது. நொதிக்கு ஜீன் குறியீடு செய்கிறது என்றால் சரி. உயரத்துக்கு, கூச்சத்துக்கு, கணிதத் திறமைக்குக் குறியீடு செய்கிறது என்றால் எல்லை தாண்டிவிட்டார்கள். அங்கே 'வேறுபாட்டோடு தொடர்புடையது' என்று திருத்தி வாசியுங்கள். வாக்கியம் இன்னும் பொருள் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் வைத்துக்கொள்ளலாம்.

'வீட்டு வரைபடம்' என்ற உவமையும் அப்படித்தான். வரைபடத்தில் சமையலறைக்கு ஒரு மூலை இருக்கும். டிஎன்ஏவில் மூக்குக்கு என்று ஒரு மூலை கிடையாது.

ஹெரிட்டபிலிட்டி எண் வந்தால்

"இந்தக் குணம் 60 சதவீதம் மரபு" என்ற வரி அநேகமாக எல்லாச் செய்தியிலும் இருக்கும். அந்த எண்ணின் பெயர்தான் ஹெரிட்டபிலிட்டி. மிகுந்த சேதம் விளைவிப்பதும் அதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எண் எப்படி வருகிறது? இரட்டையர் ஆய்வில் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களிடையே ஒரு குணத்தின் ஒட்டுறவு (இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்ற அளவு, முழு ஒற்றுமைக்கு 1) 0.8 என்றும், இரு கருக்களிலிருந்து வந்த இரட்டையர்களிடையே 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.3. முதல் வகையினர் டிஎன்ஏவை முழுதாகவும் இரண்டாம் வகையினர் பிரிந்து வேறுபடும் பகுதியில் சராசரியாகப் பாதியும் பகிர்வதால், 0.3-ஐ இரண்டால் பெருக்க வேண்டும். 0.6 வருகிறது. முதல் ஒட்டுறவான 0.8-லிருந்து இதைக் கழித்தால் 0.2, இது இருவருக்கும் பொதுவான குடும்பச் சூழல். 1-லிருந்து 0.8-ஐக் கழித்தால் வரும் 0.2 மற்ற எல்லாம், அளவீட்டுப் பிழையும் சேர்த்து. இரு வகை இரட்டையர்களையும் சூழல் ஒரே மாதிரிதான் நடத்துகிறது என்ற அனுமானத்தின் மேல் மொத்தக் கணக்கும் நிற்கிறது. அது ஆட்டம் கண்டால் 0.6-ம் ஆடும்.

இப்போது கேள்வி: எதில் 60 சதவீதம்? ஒரு விளக்கு எரிகிறது. அதன் வெளிச்சத்தில் எண்ணெயின் பங்கு எத்தனை சதவீதம், திரியின் பங்கு எத்தனை என்று கேட்டால் பதிலே கிடையாது. ஒன்று இல்லாமல் மற்றொன்று எரியாது. ஆனால் ஒரே எண்ணெய் ஊற்றிய பத்து விளக்குகள், திரி மட்டும் வெவ்வேறு தடிமன் என்றால், வெளிச்சங்களுக்கு இடையிலான வேறுபாடு முழுவதும் திரியால் வந்தது என்று சொல்லலாம். எண்ணெயையும் மாற்றி மாற்றி ஊற்றினால், திரிகளைத் தொடாமலே அந்தச் சதவீதம் இறங்கும். ஹெரிட்டபிலிட்டி பத்து விளக்குகளுக்கான எண். ஒரு விளக்குக்கு அதைச் சொன்னால் அபத்தம். 'உங்கள் உயரத்தில் 80 சதவீதம் ஜீன்' என்று எழுதுகிறவர்கள் செய்வது இந்தப் பிழையைத்தான். 1974-ல் மரபியலாளர் லெவொன்டின் இதையே வலியுறுத்தினார்: வேறுபாட்டைப் பங்கு போடுவது வேறு, காரணங்களைப் பங்கு போடுவது வேறு.

எண்ணைப் பார்த்ததும் மூன்று சோதனை போடுங்கள்.

விரல் சோதனை: கையில் ஐந்து விரல் இருப்பது வளர்ச்சியில் ஜீன்களைச் சார்ந்தது. ஆனால் மனிதர்களிடையே விரல் எண்ணிக்கையில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் விபத்தால் வருவது, எனவே அதன் ஹெரிட்டபிலிட்டி குறைவு. எண் குறைவாக இருந்தால் 'ஜீனுக்கு வேலையில்லை' என்று பொருளல்ல.

செந்தலை சோதனை: 1972-ல் சமூகவியலாளர் ஜென்க்ஸ் ஒரு கற்பனையை முன்வைத்தார். ஒரு நாட்டில் செந்நிற முடிக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதில்லை என்றால், முடி நிறத்தின் ஜீன்களே எழுத்தறிவின்மைக்கான ஜீன்களாகக் கணக்கில் வரும். கணக்கில் பிழையே இல்லை. ஜீனிலிருந்து குணத்துக்குப் போகும் வழி உடலுக்கு வெளியே, பள்ளி வாசல் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். சமூகக் குணம் எதைப் பற்றிய செய்தியானாலும் வழி எங்கே வெளியே வருகிறது என்று தேடுங்கள்.

இரு தொட்டி சோதனை: ஒரே பையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக விதை எடுத்து, சத்துள்ள தொட்டியிலும் சத்தற்ற தொட்டியிலும் விதைத்தால், ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் உயர வேறுபாடு முழுக்க மரபாக இருக்கலாம், தொட்டிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு முழுக்க மண்ணால் வரலாம். ஒரு குழுவுக்குள் கண்ட எண்ணை இரு குழுக்களின் வேறுபாட்டுக்குத் தூக்கிச் செல்கிற எந்த வாதமும் இங்கே விழுந்துவிடும்.

சூழல் என்ற வெற்றிடத்துக்கு ஒரு வரைபடம்

கிடை அச்சில் சூழல், நேர் அச்சில் குணம். ஒவ்வொரு மரபணு வகைக்கும் ஒரு கோடு. இதை எதிர்வினை நெறி என்பார்கள், இந்தக் கருத்தும் 1909-ல் வந்ததுதான். புள்ளிகள் இல்லாவிட்டாலும் உத்தேசமாக வரையுங்கள். கோடுகள் இணையாகப் போகின்றனவா, நெருங்குகின்றனவா, வெட்டிக்கொள்கின்றனவா என்பதே கேள்வி.

வெட்டிக்கொள்வதற்கு நல்ல சாட்சி, கலிஃபோர்னியாவில் கிளாவ்சன், கெக், ஹீஸி மூவரும் 1940-களில் வெளியிட்ட சோதனை. 'யாரோ' (yarrow) என்ற பூச்செடிகள் பலவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் வெட்டிப் பதியன்களாக்கி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர், 1,400 மீட்டர், 3,050 மீட்டர் உயரங்களில் நட்டார்கள். கீழே நெட்டையாக வளர்ந்தவை நடு உயரத்திலும் நெட்டையாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை, வரிசை மாறியது. 'நெட்டை வளர்வதற்கான மரபு எது' என்ற கேள்விக்கு, நட்ட இடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

நெருங்கும் கோடுகளுக்குச் சாட்சி பீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவி நோய். பிஏஎச் ஜீனின் இரு பிரதிகளும் கெட்டிருந்தால் உணவிலுள்ள பீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் உடையாமல் தேங்குகிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 60 மைக்ரோமோல் அளவில் இருக்கவேண்டியது, கடுமையான வகையில் 1,200-ஐத் தாண்டும், மூளை வளர்ச்சி கெடும். பிறந்த சில நாட்களிலேயே கண்டுபிடித்து அந்த அமினோ அமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால் இரு கோடுகளும் பெரும்பாலும் ஒட்டி வந்துவிடுகின்றன. வழக்கமான உணவு உள்ள இடத்தில் இது முழுக்க மரபு நோய். எல்லாருக்கும் ஜீன் கெட்டிருக்கிற ஓர் ஊரைக் கற்பனை செய்தால், அங்கே அதே நோய் முழுக்க உணவு நோயாகத் தெரியும். ஜீன் ஒன்றுதான், வேதியியல் ஒன்றுதான்.

எஃப்டிஓவில் கோடுகள் விரிகின்றன. அமெரிக்காவில் நீண்டகாலம் தொடரப்பட்ட ஒரு குடும்ப ஆய்வை 2015-ல் மறுபடி அலசியபோது, 1942-க்குப் பிறகு பிறந்தவர்களிடம் எஃப்டிஓவுக்கும் உடல் நிறைக் குறியீட்டுக்கும் (பிஎம்ஐ) தொடர்பு தெளிவாக இருந்தது. முன்பு பிறந்தவர்களிடம் அது தெரியவில்லை. உடலுழைப்பு உள்ளவர்களிடம், பருமனாகும் வாய்ப்பின் மீது இந்த வடிவத்தின் தாக்கம் சுமார் 27 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவு சொன்னது. ஆக நான்காவது வெற்றிடம் நிரம்பிவிட்டது: "20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி உணவும் உட்கார்ந்த வேலையும் உள்ள சூழலில்."

எண்களில் விரைவான பரிசோதனை

முழு ஜீனோமையும், அதாவது மொத்த டிஎன்ஏவையும், அலசும் ஆய்வில் தேர்ச்சிக் கோடு 2 கோடியில் ஒன்று: உண்மையில் தொடர்பே இல்லாதபோது இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு அதைவிடக் குறைவாக இருக்கவேண்டும். ஒரே நேரத்தில் சுமார் 10 லட்சம் தனித்தனிக் கேள்விகள் கேட்கப்படுவதால், வழக்கமான 20-ல் ஒன்று என்ற கோட்டை 10 லட்சத்தால் வகுத்து வந்தது அது. தளர்ந்த கோட்டை வைத்துக்கொண்டு, ஊகமாக ஓரிரு ஜீன்களைத் தேர்ந்து, சில நூறு பேரிடம் பார்த்த பழைய ஆய்வுகளை ஒதுக்கிவிடலாம் என்பதே எங்கள் கருத்து. மனச்சோர்வுக்குப் புகழ்பெற்றிருந்த 18 ஜீன்களை 2019-ல் மாபெரும் தரவுகளில் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஜீன்களைவிட அவை எந்த வகையிலும் மேலாக இல்லை.

அடுத்து, 'முரண் விகிதம் 1.67' (odds ratio: பருமன் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள விகிதம்தான் 'முரண்', அது ஒரு குழுவில் மற்றதைவிட எத்தனை மடங்கு என்பது முரண் விகிதம்) என்பதை '67 சதவீதம் கூடுதல் ஆபத்து' என்று பெயர்க்காதீர்கள். ஒப்பீட்டுக் குழுவில் 100-க்கு 20 பேர் பருமன் என்று வைத்துக்கொண்டால் முரண் 20:80, அதாவது 0.25. அதை 1.67-ஆல் பெருக்கினால் 0.4175. இதை 1.4175-ஆல் வகுத்தால் 0.29. ஆபத்து 20-லிருந்து 29-க்குப் போகிறது, 33-க்கு அல்ல. அடிப்படை ஆபத்து சிறியதாக இருக்கும்போது மட்டுமே இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 2010-ல் வந்த பெரிய அலசலில், உடல் நிறைக் குறியீட்டின் மொத்த வேறுபாட்டில் எஃப்டிஓ விளக்கியது 0.34 சதவீதம். பருமனுக்கு அப்போது தெரிந்த, பரவலாகக் காணப்படும் வடிவங்களில் மிக வலுவானதே அதுதான்.

மூன்றாவது வெற்றிடமான மக்களைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். உயரத்துக்கு 54 லட்சம் பேரிடம் தேடி 2022-ல் 12,111 இடங்களைக் கண்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியில் அவை வேறுபாட்டில் சுமார் 40 சதவீதத்தைச் சொல்ல, மற்ற வம்சாவளிகளில் 10 முதல் 20 சதவீதம்தான். உண்மையில் வேலை செய்யும் மாற்றத்தோடு கூடவே பயணிக்கும் அடையாள எழுத்துகளும் அவற்றின் பரவலும் மக்களுக்கு மக்கள் மாறுகின்றன. இந்த இடங்களையெல்லாம் கூட்டி ஒரு மக்களிடம் கட்டிய மதிப்பெண்ணை இன்னொரு மக்களிடம் ஒட்டினால் பிசகும்.

'செயல்பாடு' என்ற சொல்லுக்கும் ஒரு கேள்விக்குறி போடுங்கள். 2012-ல் மனித ஜீனோமில் 80 சதவீதத்துக்குச் செயல்பாடு உண்டு என்ற அறிவிப்பு வந்தது. ஏதோ ஒரு வேதியியல் நிகழ்வு நடக்கிறது என்பதே அங்கே செயல்பாடு. இதயம் ரத்தத்தை இறைக்கிறது, கூடவே 'லப் டப்' என்று சத்தமும் போடுகிறது. இயற்கைத் தேர்வு இதயத்தைக் காத்துவந்தது எதற்காக என்று கேட்டால் சத்தம் பட்டியலில் வராது. எந்தப் பொருளில் என்று கட்டுரை சொல்லாவிட்டால் அந்தச் சதவீதத்தை எடுத்தாளாதீர்கள்.

குறுகிய வாக்கியமே போதும் என்கிற இடம்

இந்தச் சோதனையில் எல்லாச் செய்தியும் தோற்றுவிடும் என்று நினைக்கவேண்டாம். மூளை நரம்பு செல்களைச் சிதைக்கும் மரபு நோயான ஹன்டிங்டன் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு தொடர்புடைய எச்டிடி ஜீன் எல்லாருக்கும் இருக்கிறது, ஆகவே 'ஹன்டிங்டன் ஜீன் உள்ளவர்' என்ற பேச்சு இங்கேயும் தவறுதான். வேறுபாடு 'சிஏஜி' என்ற மூன்றெழுத்து எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதில். 36 முதல் 39 என்றால் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. 40-ம் அதற்கு மேலும் என்றால், இயல்பான ஆயுள் வாழ்ந்தவருக்கு நோய் வரும். ஒப்பிடவேண்டிய வடிவம் 35-ம் அதற்குக் கீழும். மக்கள் என்ற வெற்றிடத்தில் 'எவரும்' என்றும், சூழல் என்ற வெற்றிடத்தில் 'இன்று தெரிந்த எந்தச் சூழலும்' என்றும் எழுதலாம்.

ஆனால் அந்த 'இன்று' பக்கத்தில் ஆண்டைக் குறித்துவையுங்கள். பீனைல்கீட்டோன்யூரியாவுக்கும் 1953-ல் முதல் உணவுச் சிகிச்சை வெளிவரும்வரை அதே வெற்றிடத்தில் 'எந்தச் சூழலும்' என்றுதான் எழுத முடிந்தது.